பாளையங்கோட்டைச் சிறுவனைக் கவிராயர் ஆக்கிய பாதிரியார்

வரம் இருந்தால் மட்டும் போதுமா? அதை வளர்க்க ஓர் ஆள் வேண்டாமா?

1785-ம் ஆண்டு. பாளையங்கோட்டையில் ஒரு புதிய கிறிஸ்தவ கோவில் திறக்கப்பட்டது. அதைத் திறந்து வைக்கத் தஞ்சாவூரில் இருந்து ஒரு பாதிரியார் வந்தார். அவர் பெயர் சுவார்ட்ஸ்.

அந்த ஆண்டு, அவர் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு சிறுவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். சிறுவனுக்குச் சுமார் 11 வயது. தமிழ்ப் புலவர் ஒருவரின் மகன். பெயர் வேதநாயகம்.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஆனான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் கோவிலில் பாடும் கீர்த்தனைகளில் பல, அவர் இயற்றியவை. ("பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.)

சிறுவனிடம் கவி பாடும் வரம் இருந்தது. அது உண்மை. ஆனால், வரம் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கவிராயர் ஆகிவிட்டார்களா? இல்லையே! அந்த வரத்தைக் கண்டுகொள்ள ஒரு கண் வேண்டும். வளர்க்க ஒரு கை வேண்டும்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். முளையில் தெரியும்தான். ஆனால், தண்ணீர் ஊற்றாவிட்டால் முளையோடு போய்விடும்!

வரம் என்றால் என்ன?

கிறிஸ்தவர்கள் "ஆவியின் வரங்கள்" என்று சிலவற்றைச் சொல்கிறார்கள். கடவுளின் ஆவி, மனிதனுக்கு இலவசமாகக் கொடுக்கும் திறமை என்பது அதன் பொருள்.

கிறிஸ்தவர்களின் வேதமாகிய பைபிளில், பவுல் என்பவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த வரங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஞானம், அறிவு, விசுவாசம், நோய் தீர்த்தல், தீர்க்கதரிசனம், பல மொழி பேசுதல் ஆகியவை ஒரு கடிதத்தில் வருகின்றன. ஊழியம் செய்தல், கற்பித்தல், புத்தி சொல்லுதல், தாராளமாகக் கொடுத்தல், தலைமை தாங்குதல், இரக்கம் காட்டுதல் ஆகியவை இன்னொரு கடிதத்தில் வருகின்றன.

ஆகவே, வரம் என்றால் அதிசயம் செய்வது மட்டும் அல்ல. பிறருக்கு உதவும் மனமும் ஒரு வரம்தான். குழந்தைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதும் ஒரு வரம்தான்.

பாட்டு அந்த வரிசையில் இல்லை. ஆனால், பாட்டாலே கற்பிக்கலாம். பாட்டாலே புத்தி சொல்லலாம். வேதநாயகத்தின் பாட்டு அப்படிப்பட்டது.

எல்லாருக்கும் எல்லா வரமும் கிடைப்பது இல்லை. உடம்பில் கண் செய்யும் வேலையைக் கை செய்யாது. கை செய்யும் வேலையைக் கால் செய்யாது. அதுபோலத்தான் சபையும் என்று பவுல் விளக்குகிறார்.

மேய்ப்பர் வேலை

சபையை நடத்துகிறவருக்குப் பல பெயர்கள் உண்டு. சிலர் போதகர் என்பார்கள். சிலர் குருவானவர் என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் "ஐயர்" என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. பைபிளில் உள்ள பழைய பெயர் "மேய்ப்பர்". ஆடு மேய்ப்பவரைப் போல மக்களைக் கவனிப்பவர் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வது, கலியாணம் நடத்துவது, சாவு வீட்டில் ஜெபம் செய்வது. இவை மட்டும்தான் மேய்ப்பரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பவுல் எழுதிய கடிதம் ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. சபை மக்களை வேலைக்குத் தகுதி ஆக்குவதே மேய்ப்பரின் வேலையாம். அதாவது, எல்லாவற்றையும் அவரே செய்யக்கூடாது. மற்றவர்களைச் செய்ய வைக்க வேண்டும்.

பவுலே அப்படித்தான் செய்தார். தீமோத்தேயு என்ற இளைஞனை உடன் அழைத்துச் சென்று பழக்கினார். அந்த இளைஞன் கூச்சப்பட்டவன்போலத் தெரிகிறது. பவுல் அவனுக்குக் கடிதம் எழுதினார். உனக்குக் கிடைத்த வரத்தை அணைந்துபோக விடாதே, நெருப்பை ஊதிப் பற்ற வைப்பதுபோல அதை எழுப்பு என்று அறிவுரை சொன்னார்.

அடுப்பில் நீறு பூத்த நெருப்பு இருக்கும். ஊதினால் பற்றிக்கொள்ளும். ஊதுவதற்கு ஆள் இல்லாவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

அழைத்துச் சொன்ன தம்பதி

பைபிளில் இன்னொரு நிகழ்ச்சி.

அப்பொல்லோ என்று ஒரு பேச்சாளர். அலெக்சாந்திரியா நகரத்தில் பிறந்தவர். அவர் பேசினால் கூட்டம் சொக்கிவிடும். ஆனால், அவருக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியையே ஊக்கமாகப் பேசிக்கொண்டு இருந்தார்.

எபேசு நகரத்தில் அவர் பேச்சை ஒரு கணவனும் மனைவியும் கேட்டார்கள். ஆக்கில்லா, பிரிசில்லா என்பது அவர்கள் பெயர். கூடாரம் செய்து பிழைத்தவர்கள். கூட்டத்தில் எழுந்து, "நீர் சொல்வது தவறு" என்று அவர்கள் சத்தம் போடவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போனார்கள். விட்டுப்போனதைப் பக்குவமாக விளக்கினார்கள்.

பேச்சாளரும் கோபப்படவில்லை. கேட்டுக்கொண்டார். அதன் பிறகு, அவர் பேச்சு முன்னைவிடப் பயன்பட்டது.

வழிகாட்டுவது என்றால் இதுதான். வரத்தை அவமதிக்கவும் இல்லை. குறையை மறைக்கவும் இல்லை.

ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினால்?

வழிகாட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. அது கொரிந்து நகரத்துச் சபை.

அங்கே வரங்களுக்குப் பஞ்சம் இல்லை. கூட்டத்தில் ஒருவர் அன்னிய மொழியில் பேசுவார். அதே நேரத்தில் இன்னொருவரும் பேசுவார். யார் பேசுவதும் யாருக்கும் விளங்காது. "என் வரம் பெரிது, உன் வரம் சிறிது" என்ற போட்டி வேறு!

பவுல் அவர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்; இரண்டு மூன்று பேர் போதும்; பொருள் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சும்மா இருங்கள்; பேசியது சரியா என்று மற்றவர்கள் எடை போடுங்கள் என்று ஒழுங்கு செய்தார். எல்லா வரத்தையும்விட அன்பே பெரிது என்றும் சொன்னார்.

அவர் வரத்தைத் தடுக்கவில்லை. வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். கரை இல்லாத தண்ணீர் பயிரை அழிக்கும். கரை உள்ள தண்ணீர் பயிரை வளர்க்கும்.

சுவார்ட்ஸையும் ஒருவர் வளர்த்தார்

இப்போது சுவார்ட்ஸ் பாதிரியார் கதைக்கு வருவோம்.

சுவார்ட்ஸ், 1726-ம் ஆண்டு பிரஷ்யா நாட்டில் பிறந்தவர். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தன் மகன் கடவுள் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை.

ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனார். அங்கே சூல்ட்ஸ் என்ற முதிய பாதிரியார் இருந்தார். அவர் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவர். தமிழில் பைபிளை அச்சிட ஏற்பாடு செய்துகொண்டு இருந்தார். அதற்கு உதவி செய்ய, இளைஞர் சுவார்ட்ஸ் தமிழ் படித்தார்.

தமிழ்நாட்டைப் பார்க்காமலே தமிழ் படித்தார்! அந்தப் பாடம்தான் அவர் வாழ்க்கையை மாற்றியது.

1750-ம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். நான்கே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு திருச்சியிலும், 1778-ம் ஆண்டு முதல் தஞ்சாவூரிலும் வேலை செய்தார். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அவர் இருந்த அறை, ஒரு கட்டில் போடும் அளவுதான். சோறும் காய்கறியும்தான் உணவு.

மைசூர் ஐதர் அலி, ஆங்கிலேயரை நம்பாதவர். அவரே சுவார்ட்ஸின் வார்த்தையை நம்பினார். 1779-ம் ஆண்டு, ஆங்கிலேயரின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்று, சுவார்ட்ஸ் அவரைச் சந்தித்தார்.

காலையில் பாடம், மாலையில் விசாரணை

சுவார்ட்ஸுக்கு உதவியாகத் தமிழ் உபதேசியார்கள் இருந்தார்கள். உபதேசியார் என்றால், ஊர் ஊராகச் சென்று போதிப்பவர்.

சுவார்ட்ஸ் அவர்களைக் காலையில் கூட்டுவார். சேர்ந்து ஜெபம் செய்வார்கள். மக்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுப்பார். பிறகு, அவர்கள் பக்கத்து ஊர்களுக்குப் போவார்கள். மாலையில் திரும்பி வந்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று சொல்வார்கள். சுவார்ட்ஸ் கேட்டுப் புத்தி சொல்வார்.

நாள்தோறும் நடந்த இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கிடையாது. ஊரே வகுப்பு. வேலையே பாடம்.

அப்படிப் பழகியவர்களில் ஒருவர் சத்தியநாதன். அவர் நன்றாகப் பிரசங்கம் செய்வார். அதற்காக உடனே அவரைப் பெரிய பதவியில் உட்கார வைத்துவிடவில்லை. பல ஆண்டுகள் உபதேசியாராக வேலை செய்தார். பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. சோதித்துப் பார்த்த பிறகு, 1790-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அவருடைய பிரசங்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, இங்கிலாந்தில் அச்சிட்டார்கள்.

முதலில் "முடியாது" என்றார்

தட்டிக் கொடுப்பது மட்டும் வழிகாட்டுதல் அல்ல. சில நேரம் "முடியாது" என்றும் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு பிராமண விதவை இருந்தார். கணவனின் சிதையில் ஏற்றப்பட இருந்த அவரை, ஓர் ஆங்கில அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அந்த அதிகாரியோடு அவர் வாழ்ந்து வந்தார். கிறிஸ்தவர் ஆக விரும்பி, ஞானஸ்நானம் கொடுக்கும்படி சுவார்ட்ஸிடம் கேட்டார்.

சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். கலியாணம் ஆகாமல் ஓர் ஆணோடு வாழ்பவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது அவர் எண்ணம்.

அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ம் ஆண்டு பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர் வைத்தார்.

குளோரிந்தாவிடம் இருந்தது, வாரிக் கொடுக்கும் வரம். 1780-ம் ஆண்டு பாளையங்கோட்டைச் சபைக் கணக்கில் 40 பேர்தான் இருந்தார்கள். இந்தச் சிறு கூட்டத்துக்கு ஒரு கோவில் கட்ட அவர் முன்வந்தார். தன் பணத்தைக் கொடுத்தார். ஆங்கிலேயரிடமும் உதவி பெற்றார். 1785-ல் சுவார்ட்ஸ் திறந்து வைத்தது அந்தக் கோவிலைத்தான். ஊரார் அதைப் "பாப்பாத்தி அம்மாள் கோவில்" என்றே அழைத்தார்கள்.

மறுத்த பாதிரியார், கைவிட்டுவிடவில்லை. மறுக்கப்பட்ட பெண்ணும் பகைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்த வரம் பலன் கொடுத்தது.

புலவர் வீட்டுப் பிள்ளை

வேதநாயகம், 1774-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை தேவசகாயம், தமிழ்ப் புலவர். சைவ வெள்ளாளர் குலத்தில் பிறந்து, கிறிஸ்தவர் ஆனவர்.

தஞ்சாவூர் வந்த வேதநாயகத்தைச் சுவார்ட்ஸ் மகன்போல வளர்த்தார். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். பிறகு தரங்கம்பாடிக்கு அனுப்பினார்.

கவி பாடும் பிள்ளைக்குக் கவிதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று சுவார்ட்ஸ் நினைக்கவில்லை. தரங்கம்பாடியில் ஜான், ராட்லர் முதலிய பாதிரியார்கள் இருந்தார்கள். ராட்லர், செடி கொடிகளை ஆராய்ந்தவர். தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர். அவர்களிடம் வேதநாயகம் வேதம் படித்தார். வானநூல், கணக்கு, பூகோளம் ஆகியவற்றையும் அறிந்துகொண்டார்.

தனக்குத் தெரியாததைக் கற்க, இன்னோர் ஆசானிடம் அனுப்பினார் சுவார்ட்ஸ். "என் சீடன் என்னிடமே இருக்கட்டும்" என்று பிடித்து வைக்கவில்லை.

19 வயதில் வேதநாயகம் தஞ்சாவூர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆக்கப்பட்டார். 19 வயதுப் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைப்பதா? சுவார்ட்ஸ் ஒப்படைத்தார். நம்பிக்கை வைத்தால்தான் பொறுப்பு வரும் அல்லவா?

பெத்லகேம் குறவஞ்சி

அந்தக் காலத்தில் குறவஞ்சி நாடகங்களுக்கு மக்களிடம் பெரிய வரவேற்பு இருந்தது. குற்றாலக் குறவஞ்சி பெயர் பெற்றது. தலைவி காதல் நோயில் வாடுவாள். குறத்தி வந்து குறி சொல்வாள். பிறகு, குறத்தியைத் தேடிக் குறவன் வருவான்.

அதே முறையில், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் "பெத்லகேம் குறவஞ்சி" என்ற நாடகத்தை வேதநாயகம் எழுதினார். பெத்லகேமின் தலைவன், ஏசுநாதர். அவரை விரும்பும் தலைவி, கிறிஸ்தவ சபை. குறி சொல்லும் குறத்தி, விசுவாசம்.

குறவஞ்சியில் சூரியன், சந்திரன், நட்சத்திரங்களைப் பற்றிப் பாடுவது வழக்கம். வேதநாயகமும் பாடினார். ஆனால், சூரியனைச் சுற்றியே கிரகங்கள் ஓடுகின்றன என்ற புதிய அறிவியலை அதில் புகுத்தினார். தரங்கம்பாடியில் படித்தது தமிழ்ப் பாட்டாக வந்துவிட்டது!

தந்தையிடம் பெற்ற தமிழ், பாதிரியார்களிடம் பெற்ற கல்வி, கடவுள் கொடுத்த வரம், மூன்றும் சேர்ந்தன. கவிராயர் உருவானார்.

இதைப் பார்க்கச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. 1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி, 71 வயதில் தஞ்சாவூரில் இறந்துவிட்டார். நட்டவர் வேறு, நிழலில் உட்கார்ந்தவர்கள் வேறு.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் சிறு வயதில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் இருந்தவர். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால், சுவார்ட்ஸைத் தந்தைபோல மதித்தார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு சலவைக் கல்லில் ஒரு சிற்பம் செய்வித்தார். சாகும் தறுவாயில் உள்ள சுவார்ட்ஸின் கையை சரபோஜி பிடித்துக்கொண்டு இருப்பதை அது காட்டுகிறது. தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள கோவிலில் அந்தச் சிற்பம் இருக்கிறது.

வழிகாட்டிகள் மாறினார்கள்

கதை இதோடு முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். முடியவில்லை.

1820-ம் ஆண்டுக்குப் பிறகு, தஞ்சாவூருக்குப் புதிய பாதிரியார்கள் வந்தார்கள். அவர்களுக்கும் வேதநாயக சாஸ்திரியாருக்கும் பெரிய தகராறு மூண்டது.

தகராறு இரண்டு விஷயங்களில் முற்றியது.

ஒன்று, பாட்டு. கோவில் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளுக்கு இருந்த இடத்தைப் புதியவர்கள் குறைத்தார்கள். வாழ்நாள் முழுவதும் பாட்டாலே போதித்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

இரண்டாவது, சாதி. தஞ்சாவூர்க் கோவிலில் வெள்ளாளர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் மறு பக்கம் உட்கார்ந்தார்கள். பழைய பாதிரியார்கள் இதைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். சுவார்ட்ஸும் அவர்களில் ஒருவர். புதியவர்கள், "கடவுள் முன்னால் இது கூடாது" என்றார்கள். சாதி என்பது நாட்டு வழக்கம், மதத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று வேதநாயகம் வாதாடினார், எழுதவும் செய்தார்.

1829-ம் ஆண்டு, பாதிரியார்கள் அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள். அப்போது அவருக்கு 55 வயது. சரபோஜி மன்னர்தான் கை கொடுத்தார். அரண்மனைப் புலவர் ஆக்கி ஆதரித்தார்.

1833-ம் ஆண்டு கல்கத்தா பிஷப் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர்ச் சபையில் பலர் அதை ஏற்காமல் பிரிந்து போனார்கள்.

யார் செய்தது சரி?

பாட்டு விஷயத்தில் வேதநாயகம் சொன்னது சரி. பின்னால் வந்த காலமே அதை மெய்ப்பித்தது.

சாதி விஷயத்தில் புதிய பாதிரியார்கள் சொன்னது சரி. கையைப் பார்த்துக் கண் "நீ வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பதே பவுல் கொடுத்த பாடம். கோவிலில் கோடு போட்டு மனிதனைப் பிரித்தால், அந்தப் பாடம் என்ன ஆகிறது?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மறு பக்கம் உட்கார வைக்கப்பட்ட மக்களிடம் வரம் இல்லையா? அவர்கள் வீட்டிலும் பாடும் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள் அல்லவா? அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போன கண்கள் எத்தனை?

தேடிய இடத்தில் கிடைக்கவே செய்தது. நாடார் குலத்தில் பிறந்த தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞர் தஞ்சாவூரில் பழக்கப்பட்டவர். அவர் சத்தியநாதனுக்குத் துணையாகத் தன் சொந்தச் சீமைக்கே திரும்பினார். கிறிஸ்தவர் ஆனதால் துன்பப்பட்ட மக்களுக்கு ஓர் ஊர் வேண்டும் என்று, 1799-ம் ஆண்டு முதலூர் என்ற ஊர் உண்டாக அவரே காரணமாக இருந்தார். சுவார்ட்ஸ் சத்தியநாதனைப் பழக்கினார். சத்தியநாதன் சுந்தரானந்தத்தை நம்பினார். ஒரு விளக்கில் இருந்து அடுத்த விளக்கு ஏறியது.

சுவார்ட்ஸ் நல்ல வழிகாட்டிதான். ஆனால், தன் பிள்ளையின் கவியை வளர்த்த அவர், சாதியை அந்தப் பிள்ளையின் மனத்தில் இருந்து எடுக்கவில்லை. 11 வயதில் திருத்த எளிதாக இருந்திருக்கும். 55 வயதில் முடியவில்லை. வளர்த்தவர் விட்ட குறை, வளர்ந்தவரின் வாழ்க்கையில் முள்ளாக நின்றது.

புதியவர்கள் செய்ததிலும் குறை உண்டு. சாதியைக் கண்டித்த வாயால், தமிழ்ப் பாட்டையும் கண்டித்தார்கள். களையையும் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினால் வயலில் என்ன இருக்கும்?

முதுமையில் ஒரு கை

வேதநாயகம் பாடுவதை நிறுத்தவில்லை.

மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் என்ற பாதிரியார் இருந்தார். அவருக்குத் தமிழ் இசைமேல் பற்று அதிகம். முதியவரான வேதநாயகத்திடம் பாட்டுகளைக் கேட்டறிந்தார். தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து, 1853-ம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். வேதநாயகத்தின் பாட்டுகள் அதில் நிறைய இருந்தன.

தஞ்சாவூரில் தள்ளப்பட்ட பாட்டு, மதுரை வழியாகத் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அவற்றைப் பாடினார்கள்.

1864-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி வேதநாயக சாஸ்திரியார் இறந்தார். வயது 89. அவருடைய வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாட்டோடு கதை சொல்லிப் போதிக்கும் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார்?

இந்தக் கதையில் இருந்து ஐந்து அடையாளங்கள் தெரிகின்றன.

1. தேடிக் காண்பார். சிறுவன் வந்து கதவைத் தட்டட்டும் என்று சுவார்ட்ஸ் காத்திருக்கவில்லை. அவரே அழைத்துச் சென்றார். சாதி, பணம், ஆண், பெண் என்று பார்ப்பவர் கண்ணில் பாதி வரங்கள் படாது.

2. பழக்குவார். காலையில் சொல்லிக் கொடுத்து, மாலையில் விசாரிப்பார். தனக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கற்க அனுப்புவார்.

3. பொறுப்பு கொடுப்பார். முதலில் சிறிய வேலை. சோதித்த பிறகு பெரிய வேலை.

4. திருத்துவார். கூட்டத்தில் அவமானப்படுத்தாமல், ஆக்கில்லாவும் பிரிசில்லாவும் செய்ததுபோலத் தனியே சொல்வார். பிடித்த பிள்ளையின் குற்றத்தையும் மறைக்க மாட்டார்.

5. விட்டுவிடுவார். வளர்ந்த பிறகும் கயிற்றைக் கையில் வைத்திருக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "எனக்கு வரம் இருக்கிறது, என்னை யாரும் கேட்கக்கூடாது" என்று ஒருவர் சொன்னால், அங்கே ஆபத்து இருக்கிறது. நோய் தீர ஜெபம் செய்வதில் தவறு இல்லை. மருந்தை நிறுத்து, டாக்டரிடம் போகாதே என்று சொன்னால், அது வழிகாட்டுதல் அல்ல. ஜெபத்துக்கு விலை பேசினால், அதுவும் அல்ல. வரத்தை எடை போட்டுப் பாருங்கள் என்று பவுலே சொல்லியிருக்கிறார்.

அதுபோல, "என்னைக் கேட்காமல் மூச்சு விடாதே" என்று சொல்லும் போதகரும் நல்ல மேய்ப்பர் அல்லர். மேய்ப்பர் ஆட்டைப் புல்வெளிக்கு நடத்துவார். தன் வீட்டுத் தொழுவத்திலேயே கட்டிப்போட மாட்டார்.

வீட்டிலும் வேண்டும்

இது போதகர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. தீமோத்தேயுவின் நம்பிக்கைக்கு முதல் விதை போட்டவர்கள், அவனுடைய பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் என்று பவுல் எழுதுகிறார். பாட்டி தொடங்கினாள். தாய் தொடர்ந்தாள். பிறகுதான் பவுல் வந்தார்.

எந்த மதத்தைச் சேர்ந்த வீடாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை பாடும். ஒரு பிள்ளை, நோயாளி பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளை, தன் தின்பண்டத்தை அடுத்த பிள்ளைக்குப் பிட்டுக் கொடுக்கும்.

அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். தவறு செய்தால் அன்றைக்கே, அன்பாகத் திருத்துங்கள். நாளைக்குத் திருத்தலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். 11 வயதில் வளைவது 55 வயதில் வளையாது!